அவருடைய முழுப்பெயர்

பிட்ஸ்பர்க்,
அக்டோபர் 14.

அன்பு நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. முதுகுவலி தணிந்து மாலை வேளைகளில் பள்ளி மைதானம் வரைக்கும் நடந்து போய் வருகிறாய் என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. பேத்தி மாவட்ட அணித் தேர்வுக்குத் தயாராகி வருவதையும், சில நாட்களாகத் தோள் வலிக்கிறது என்று அவள் சொல்வதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் எழுதியிருந்தாய். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். நான் அனுப்பிய புகைப்படத்தில் எனக்குப் பின்னால் தெரியும் மஞ்சள் பாலத்தின் பெயரைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிட்டு, ராபர்ட்டோ கிளெமென்டே என்பவர் இந்த ஊரின் மேயராக இருந்தவரா என்று கேட்டிருந்தாய். அவர் பேஸ்பால் ஆட்டக்காரர். 1955 முதல் 1972 வரை பதினெட்டு ஆண்டுகள், தம் வாழ்நாளின் கடைசி ஆட்டம் வரை, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற இந்த ஊர் அணிக்காக மட்டுமே அமெரிக்காவின் முதல்நிலைப் போட்டிகளில் ஆடியவர்.

உன் கேள்விக்கு இந்த ஒரு வரியே போதும். ஆனால் நேற்று நான் போய் வந்த இடமும் அங்கே கேட்ட ஒலிப்பதிவும் இன்னும் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதால், இந்தக் கடிதம் முழுவதும் அவரைப் பற்றியதாகவே இருக்கப் போகிறது.

மகள் வீட்டிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில், பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு நடுவில், ஒரு பழைய செங்கல் மதிலின் ஒரு பகுதியை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அங்கே ஃபோர்ப்ஸ் ஃபீல்டு என்ற மைதானம் இருந்தது. 1960 அக்டோபர் 13 அன்று அங்கேதான் அமெரிக்க பேஸ்பாலின் ஆண்டு இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் பைரேட்ஸ் அணி நியூயார்க் யாங்கீஸை 10-9 என்று வென்றது. ஆண்டுதோறும் அதே நாளில் மக்கள் மடக்கு நாற்காலிகளோடு அந்த மதிலடிக்கு வந்து, அந்த ஆட்டத்தின் வானொலி வர்ணனையை முதலிலிருந்து கடைசி வரை ஒலிக்கவிட்டுக் கேட்கிறார்கள். முடிவு தெரிந்த ஆட்டத்தை அத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பதைப் பார்த்தபோது, டீக்கடை வானொலிப் பெட்டிக்கு முன்னால் நாம் இருவரும் கிரிக்கெட் வர்ணனை கேட்டு நின்ற நாட்கள் நினைவுக்கு வந்தன.

எல்லோரும் காத்திருப்பது கடைசியில் பைரேட்ஸின் பில் மசரோஸ்கி அடித்த ஹோம் ரன்னுக்காக, நம் சிக்ஸரைப் போல எல்லைச் சுவரைத் தாண்டிய அடிக்காக. நான் காத்திருந்தது எட்டாவது இன்னிங்ஸுக்காக. அந்த இன்னிங்ஸைத் தொடங்கும்போது பைரேட்ஸ் 4-7 என்று பின்தங்கியிருந்தது. ஒரு ரன் எடுத்த பிறகு, இரண்டு பேர் அவுட் ஆகிவிட்ட நிலையில் கிளெமென்டே மட்டையோடு வந்தார். அவர் அடித்த பந்து சரியாகப் படாமல் முதல் பேஸ், அதாவது ஓடுபவர் தொட வேண்டிய முதல் இடம், இருக்கும் பக்கமாகக் குதித்துக்கொண்டு போயிற்று. சாதாரணமாக ஓடுபவர் அங்கேயே அவுட் ஆகியிருப்பார், மூன்றாவது அவுட்டோடு இன்னிங்ஸும் முடிந்திருக்கும். அவர் தலைதெறிக்க ஓடினார். பேஸை மூட வேண்டிய பிட்சர், அதாவது பந்து வீசுபவர், பிந்திவிட்டார். ஒரு ரன் வந்தது. அடுத்து வந்த ஹால் ஸ்மித் மூன்று ரன் தரும் ஹோம் ரன்னை அடித்தார். அந்த ஓட்டம் இல்லையென்றால் ஸ்மித்தின் அடியும் இல்லை, ஒன்பதாவது இன்னிங்ஸில் மசரோஸ்கியின் அடிக்கு வேலையும் இல்லை. தொடரின் ஏழு ஆட்டங்களிலும் தவறாமல் ஹிட், அதாவது அவுட் ஆகாமல் பேஸை எட்டவைக்கும் அடி, அடித்தவர் கிளெமென்டே. இருந்தும் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கப் பத்திரிகையாளர்கள் வாக்களித்தபோது அவருக்கு எட்டாவது இடம்தான் கிடைத்தது. முதலிடம் அவருடைய அணியைச் சேர்ந்த டிக் குரோட்டுக்குப் போயிற்று. அந்தக் காயம் அவருக்குக் கடைசி வரை ஆறவில்லை என்றும், 1960 வெற்றிக்காகக் கொடுத்த மோதிரத்தை அவர் அணியவே இல்லை என்றும் இங்கே சொல்கிறார்கள்.

அவர் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லாமல் இந்தக் காயத்தின் ஆழத்தைச் சொல்ல முடியாது. 1934-இல் பியூர்ட்டோ ரிக்கோ தீவில் கரோலினா என்ற ஊரில், ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். தந்தை கரும்புத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மேஸ்திரி. பள்ளிக்கூடத்தில் அவர் ஈட்டி எறிந்து பழகியவர் என்பதை உனக்காகவே குறிப்பிடுகிறேன், ஏனென்றால் பின்னாளில் அவருடைய வலது கை பெற்ற புகழுக்கு அந்த ஈட்டியும் ஒரு காரணம். பதினெட்டாவது வயதில் சாந்துர்சே என்ற உள்ளூர்த் தொழில்முறை அணியில் சேர்ந்தார். 1954-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் 10,000 டாலர் முன்பணம் கொடுத்து அவரை ஒப்பந்தம் செய்து, கனடாவில் மான்ட்ரியலில் இருந்த தன் கீழ்நிலை அணிக்கு அனுப்பியது. அவ்வளவு பெரிய தொகை கொடுத்து எடுத்த ஆட்டக்காரரைக் கீழ்நிலையிலேயே வைத்திருந்தால், பருவம் முடிந்ததும் வேறொரு அணி அவரைச் சொற்பத் தொகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது அன்றைய விதி. அந்த ஆண்டு மான்ட்ரியலில் அவருக்கு ஆட வாய்ப்பு மிகக் குறைவாகவே கிடைத்தது. ஆனாலும் பைரேட்ஸின் ஆள் தேடுநர் ஒருவர் அவர் பந்து எறிவதைப் பார்த்துவிட்டார். அந்தப் பருவத்தில் எல்லாரையும்விட மோசமாக ஆடிய அணி என்பதால் முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை பைரேட்ஸுக்கு இருந்தது. நவம்பரில் 4,000 டாலருக்கு அவரை எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் குளிர்காலத்திலேயே, ஊரில் கார் ஓட்டிச் சென்றபோது குடிபோதையில் வந்த ஒருவர் மோதியதில் அவருடைய முதுகெலும்பு பாதிக்கப்பட்டது. மட்டையோடு நிற்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கழுத்தை இப்படியும் அப்படியுமாகச் சுழற்றிக்கொள்ளும் அவருடைய பழக்கம் அந்த வலியிலிருந்து வந்தது. நீ முதுகுவலிக்காரன் என்பதால் அந்தப் பழைய படச்சுருள்களைப் பார்த்தாலே உனக்குப் புரிந்துவிடும். செய்தியாளர்களுக்கு மட்டும் புரியவில்லை. வலிக்கிறது என்று அவர் சொன்னபோதெல்லாம் இல்லாத நோயைச் சொல்லிக்கொண்டு திரிபவர் என்று எழுதினார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்தான் பைரேட்ஸுக்காக 2,433 ஆட்டங்கள் ஆடியவர். அவருக்கு முன்னால் அந்த அணிக்காக அதிக ஆட்டங்கள் ஆடிய ஹோனஸ் வாக்னரின் கணக்கை அவர் சமன் செய்தார்.

இன்னொன்றையும் செய்தார்கள். அவருடைய ஆங்கிலத்தை, அவர் உச்சரித்தபடியே எழுத்தைத் திரித்துப் பத்திரிகையில் அச்சிட்டார்கள். 1961-இல், எல்லா அணிகளின் சிறந்த ஆட்டக்காரர்களும் கூடி ஆடும் நட்சத்திர ஆட்டத்தில், பத்தாவது இன்னிங்ஸில் வெற்றி ரன்னைக் கொண்டுவந்த அடியை அவர் அடித்தார். மறுநாள் பல பத்திரிகைகளில் அவருடைய அடியைவிட அவருடைய உச்சரிப்பே பெரிதாக வந்தது. ஸ்பானிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாத செய்தியாளர்கள், இரண்டாவது மொழியில் பேச முயன்ற ஒருவரை மந்தபுத்திக்காரராகக் காட்டினார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் கொதிக்கிறது. பெயரையும் விட்டுவைக்கவில்லை. வாய்க்கு எளிதாக இருக்கட்டும் என்று 'பாப்' ஆக்கினார்கள். சிறுவர்கள் சேகரிக்கும் ஆட்டக்காரர் அட்டைகளில் பல ஆண்டுகள் 'பாப் கிளெமென்டே' என்றே அச்சிட்டார்கள். தம் பெயர் ராபர்ட்டோ என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் வசந்த காலப் பயிற்சிக்கு அணி ஃபுளோரிடாவில் ஃபோர்ட் மையர்ஸ் என்ற ஊருக்குப் போகும். கறுப்பினத்தவருக்கு அங்கே தங்கும் விடுதியும் தனி, சாப்பிடும் இடமும் தனி. வழியில் வெள்ளைக்கார ஆட்டக்காரர்கள் உணவகத்துக்குள் போய்ச் சாப்பிட்டு வரும்வரை கறுப்பின ஆட்டக்காரர்கள் பேருந்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பக்கத்து டீக்கடைகளில் தனிக் குவளை வைத்திருந்ததை நாம் கண்ணால் பார்த்தவர்கள். நான் உனக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அவர் அதை வாய்மூடிப் பொறுத்துக்கொள்ளவில்லை. பேருந்தில் காத்திருக்க மறுத்தார். தங்களுக்குத் தனி வண்டி கொடுங்கள் என்று நிர்வாகத்திடம் கேட்டார். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது, அவருடைய இறுதிச்சடங்கு முடியும் முன்பு களத்தில் இறங்க மாட்டோம் என்று பைரேட்ஸ் ஆட்டக்காரர்கள் உறுதியாக நின்றார்கள். அவர்களை அப்படி நிற்கவைத்ததில் கிளெமென்டேயின் பங்கு பெரிது. பருவத்தின் தொடக்க ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது.

இப்போது அவருடைய ஆட்டத்துக்கு வருகிறேன். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிட்டவன் நீ. இந்தப் பகுதியை உன்னோடு நேரில் உட்கார்ந்து பேச முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பேஸ்பாலில் மட்டையாளர் பத்துத் தடவைக்கு மூன்று தடவை ஹிட் அடித்தாலே நல்ல ஆட்டக்காரர். கிளெமென்டேயின் மொத்த வாழ்க்கைச் சராசரி .317, அதாவது ஆயிரத்துக்கு 317. முதல்நிலைப் போட்டிகளின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் அதிகச் சராசரிக்கான பட்டத்தை 1961, 1964, 1965, 1967 என நான்கு முறை பெற்றார், 1961-இல் .351, 1967-இல் .357. முறைப்படி சொல்லிக்கொடுக்கும் எந்தப் பயிற்சியாளரும் ஏற்றுக்கொள்ளாத விதத்தில் அடித்தவர் அவர். மற்றவர்கள் விட்டுவிடும் பந்தை, தோள் உயரத்துக்கு வந்தாலும் முழங்காலுக்குக் கீழே வந்தாலும், எட்டி அடித்து யாரும் நிற்காத இடத்துக்கு அனுப்புவார். ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் இடது நடுப்பகுதியில் எல்லைச் சுவர் 457 அடி தொலைவில் இருந்தது. அங்கே உயரத் தூக்கி அடித்தால் பந்து கைக்குள்தான் விழும். ஆகவே பந்தைத் தாழ்வாக, வேகமாக, இடைவெளி பார்த்து அடிக்கப் பழகிக்கொண்டார். அவருடைய கணக்கில் 240 ஹோம் ரன்களோடு, ஒரே அடியில் மூன்று பேஸ்களை ஓடிக் கடந்த 166 ஹிட்டுகளும் சேர்ந்தது அந்த மைதானத்தாலும் அவருடைய கால்களாலும்தான். 1966-இல், சாண்டி கோபாக்ஸ் என்ற மாபெரும் பிட்சரை இரண்டாவது இடத்துக்குத் தள்ளி, லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கு வந்தது.

ஆனால் என் மனத்தை முழுவதும் பிடித்துக்கொண்டது அவர் அடித்த அடியைவிட எறிந்த எறிதான். அவர் நின்ற இடம் ரைட் ஃபீல்டு, அதாவது மட்டையாளர் பக்கமிருந்து பார்த்தால் வலதுகோடி. அங்கிருந்து எதிர்ப்பக்கம் இருக்கும் மூன்றாவது பேஸ்தான் களத்தில் மிக நீளமான எறி. சுவரில் மோதித் திரும்பும் பந்தை எடுத்து, அரைச்சுற்று சுற்றி, தரையில் படாமல் மூன்றாவது பேஸுக்கு அவர் எறிவதைப் பார்த்தபோது, எல்லைக்கோட்டிலிருந்து நீ எறியும் பந்து ஸ்டம்பை நோக்கி வந்த அழகு என் கண்முன் வந்தது. அப்படி எறிந்து 260-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களை அவர் அவுட் ஆக்க உதவியிருக்கிறார். அவர் பந்தின் அருகில் இருக்கிறார் என்று தெரிந்ததும் ஓடாமல் நின்றுவிட்டவர்களுக்குக் கணக்கு ஏது? சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான தங்கக் கையுறை விருதை 1961 முதல் 1972 வரை தொடர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் பெற்றார்.

இவ்வளவு செய்த பிறகும் அமெரிக்கா முழுவதும் அவரைச் சரியாகப் பார்த்தது 1971-இல்தான். அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று, ஆட்டத்தைத் தொடங்கிய ஒன்பது பேரும் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும் மட்டுமே என்ற அணியைப் பைரேட்ஸ் களமிறக்கியது. முதல்நிலை பேஸ்பாலில் அதுவரை நடக்காதது அது. அந்த ஒன்பது பேரில் அவரும் ஒருவர். அடுத்த மாதம் பால்டிமோர் ஓரியோல்ஸை எதிர்த்து உலகத் தொடர். முதல் இரண்டு ஆட்டங்களையும் பைரேட்ஸ் தோற்றது. அப்போது அவருக்கு வயது 37. ஏழு ஆட்டங்களிலும் மறுபடியும் ஹிட் அடித்தார், தொடரின் சராசரி .414. ஏழாவது ஆட்டத்தில் அவர் அடித்த ஹோம் ரன் முதல் ரன்னைத் தந்தது. 2-1 என்று பைரேட்ஸ் வென்றது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. வெற்றிக்குப் பிறகு தொலைக்காட்சியில் பேச அழைத்தபோது, ஆங்கிலத்தில் பேசும் முன்பு ஸ்பானிய மொழியில் பேச அனுமதி கேட்டுக்கொண்டார். ஊரில் இருந்த தம் பிள்ளைகளுக்கு ஆசி கூறி, தம் பெற்றோரின் ஆசியைக் கேட்டார். எந்த உச்சரிப்பை வைத்து அவரைக் கேலி செய்தார்களோ, அதே நாட்டின் வீடுகளுக்குள் அவருடைய தாய்மொழி அன்று அப்படிப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பதிவை மகள் எனக்குக் கணினியில் காட்டியபோது மூன்று முறை கேட்டேன். மொழி புரியாமலே கண் கலங்கிவிட்டது.

மறு ஆண்டு, 1972 பருவத்தின் கடைசி நாட்களில் அவருக்கு 3,000 ஹிட்டுக்கு ஒன்றே ஒன்று குறைந்தது. செப்டம்பர் 29 அன்று அவர் அடித்த பந்தை எதிரணி ஆட்டக்காரர் தடுமாறி விட்டுவிட்டார். ஹிட் என்று நினைத்து அரங்கம் ஆர்ப்பரித்தது. ஆனால் அது தடுப்பாட்டக்காரரின் பிழை என்று கணக்காளர் எழுதிவிட்டார். மறுநாள் நான்காவது இன்னிங்ஸில், நியூயார்க் மெட்ஸின் ஜான் மேட்லாக் வீசிய பந்தை யாரும் பிழை என்று சொல்ல முடியாதபடி இடது நடுப்பகுதிக்கு அடித்து இரண்டாவது பேஸில் போய் நின்றார். அதுவரை அந்த எண்ணை எட்டியவர்கள் பத்துப் பேர், அவர் பதினோராவது. அன்று அரங்கில் இருந்தவர்கள் 13,117 பேர் மட்டுமே. பாதிக்கு மேல் காலியாக இருந்த அரங்கத்தில் அவர் தொப்பியைத் தூக்கி நின்ற படத்தைப் பார்த்தால் எனக்குத் துக்கமாக இருக்கிறது, ஏனென்றால் வழக்கமான பருவத்தில் அவர் அடித்த கடைசி ஹிட் அதுதான்.

அந்த நவம்பரில் பியூர்ட்டோ ரிக்கோவின் அமெச்சூர் அணிக்கு மேலாளராக நிகரகுவாவின் தலைநகர் மனாகுவாவுக்குப் போய்ச் சில வாரங்கள் தங்கினார். அவர் ஊர் திரும்பிய பிறகு, டிசம்பர் 23 அன்று அந்த நகரத்தை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. தெருவில் பார்த்துப் பழகிய முகங்கள் அவர் கண்முன் இருந்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் நாளையும் பாராமல் சான் ஹுவானில் உணவும் மருந்தும் திரட்டி விமானங்களில் அனுப்பினார். அனுப்பியவை மக்களுக்குப் போகாமல் அந்த நாட்டை ஆண்ட சொமோசா அரசின் படையினர் கைக்குப் போகின்றன என்ற செய்தி வந்தது. தாமே நேரில் போனால் யாரும் தடுக்கத் துணிய மாட்டார்கள் என்று நம்பி, 31-ஆம் தேதி இரவு ஒரு பழைய சரக்கு விமானத்தில் ஏறினார். தாங்கக்கூடிய எடைக்கு மேல் 4,000 பவுண்டுக்கும் அதிகமான சுமை அதில் இருந்தது. புறப்பட்ட சில நிமிடங்களில் அது கடலில் விழுந்தது. அவருக்கு வயது 38. ஊரில் நினைவு வழிபாடு நடந்த நேரத்தில், அவருடைய அணித்தோழர் மேனி சான்கியென் அங்கே வராமல் கடலில் மூழ்கித் தேடிக்கொண்டிருந்தார். உடல் கிடைக்கவே இல்லை.

ஆட்டத்தை விட்டு ஐந்து ஆண்டுகள் ஆன பிறகே ஒருவரை, பேஸ்பாலின் மாபெரும் ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் புகழ் மண்டபத்தில் சேர்ப்பார்கள். அவருக்காக அந்த விதியைத் தளர்த்தி 1973-இலேயே சேர்த்தார்கள். லத்தீன் அமெரிக்கரில் அவரே முதல்வர். ஆனால் அங்கே வைத்த வெண்கலப் பட்டயத்திலும் பெயரைத் தவறாகவே பொறித்தார்கள். ஸ்பானிய வழக்கப்படி தம் பெயர், பிறகு தந்தையின் குடும்பப்பெயர், கடைசியில் தாயின் குடும்பப்பெயர்: ராபர்ட்டோ கிளெமென்டே வாக்கர். பட்டயத்தில் அதை ஆங்கிலேயர் பெயர்போல் மாற்றி 'ராபர்ட்டோ வாக்கர் கிளெமென்டே' என்று எழுதிவிட்டார்கள். அது திருத்தப்பட்டது 2000-இல், இருபத்தேழு ஆண்டுகள் கழித்து. நம்முடைய தலைப்பெழுத்துப் படும் பாட்டை நினைத்துக்கொள். என் மகளை இந்த ஊரில் எல்லா அலுவலகத்திலும் என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். முதல் சில மாதங்கள் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமலே உட்கார்ந்திருப்பாளாம். அவர் அணிந்த 21 என்ற எண்ணும் அந்த முழுப்பெயரின் எழுத்துகளை எண்ணி எடுத்தது என்று சொல்லப்படுகிறது: ஆங்கில எழுத்தில் ஏழும் எட்டும் ஆறும். இப்போதைய மைதானத்தில் ரைட் ஃபீல்டு சுவரை 21 அடி உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். மைதானத்தின் வாசலில், நீ கேட்ட பாலம் இறங்கும் இடத்தில், அவர் சிலை நிற்கிறது.

நேற்று மதிலடியிலிருந்து திரும்பும்போது அந்தச் சிலை வரைக்கும் நடந்தேன். மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடத் தொடங்கும் நிலையில் செய்திருக்கிறார்கள். பீடத்தைச் சுற்றிப் பார்த்தால், சாந்துர்சேயில் அவர் ஆடிய மைதானத்து மண்ணையும் பிட்ஸ்பர்க்கில் ஆடிய இரண்டு மைதானங்களின் மண்ணையும் வைத்திருக்கிறார்கள்.

பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். தேர்வு நெருங்குவதால் பயந்து சாக்குச் சொல்கிறாளோ என்று உன் மருமகன் சந்தேகப்படுவதாக எழுதியிருந்தாய். நாம் பள்ளியில் ஆடிய காலத்தில் உன் முழங்காலைப் பற்றியும் இதையே சொன்னார்கள். நீ அதோடு இரண்டு ஆட்டங்கள் ஆடினாய். அந்தக் கால் இன்று வரை முழுதாக மடங்குவதில்லை. அவள் வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்றே எடுத்துக்கொண்டு, இந்த வாரமே ஓர் எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போ. அதுவரை எல்லைக்கோட்டிலிருந்து எறிய விடாதே. மருத்துவர் என்ன சொன்னார் என்று உடனே எழுது, பதிலை எதிர்பார்த்திருப்பேன். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பைச் சொல்.

உன் பழைய பள்ளித் தோழன்